நேற்று என்ன குழம்பு?

1

என் தம்பி பெண்டாட்டி ரேவதியைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அவளிடம் காரும் கிடையாது, பங்களாவும் கிடையாது. ஆந்திர எல்லைக்குள், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு சின்ன வீடு, இரண்டு மாடு, என் தம்பி முரளி, அப்புறம் என் அம்மா. கடைசியாகச் சொன்னதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் ஜெர்மனிக்கு வந்து இந்த மே மாதத்தோடு பதினொரு வருடம். ஸ்டுட்கார்ட்டில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், "ஏமாறாம இருக்கச் சொல்லித் தர்ற வேலை" என்பேன். மருத்துவர், செவிலியர், கணக்கர் எல்லோருக்கும் மாதம் ஒருமுறை நானே ஒரு பொய் மின்னஞ்சல் அனுப்புவேன். 'உங்கள் சம்பள உயர்வு விவரம் இதோ, அழுத்திப் பாருங்கள்' என்கிற மாதிரி. அழுத்தியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து அரை மணி நேரம் வகுப்பு எடுப்பேன். பெரிய பெரிய அறுவை சிகிச்சை நிபுணர்கள்கூட என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். அதில் எனக்கு ஒரு ரகசிய சந்தோஷம் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அப்பேர்ப்பட்ட என்னை, பெற்ற தாயே போலி என்று முடிவு செய்து போனை வைத்துவிட்டாள். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தேன். திருப்பதியில் கடை கடையாய் ஏறி இறங்கி வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் மருத்துவமனைக் கணினிகளுக்குச் செய்கிற அத்தனை பாதுகாப்பையும் அதற்குச் செய்தேன். திறக்க ஆறு இலக்க எண். அதற்கு மேல் கைரேகை. அம்மாவின் கணக்கில் வேறு யாராவது நுழையப் பார்த்தால் உறுதிப்படுத்தும் எண் என் ஜெர்மனி போனுக்கு வரும்.

"இனிமே யாரு வந்தாலும் எங்கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள போவணும்" என்றேன் அம்மாவிடம். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. எவ்வளவு தூரத்தில் இருந்தால் என்ன, அம்மா வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கிறதே!

முதல் இடி அன்றைக்கே விழுந்தது. அம்மாவின் கைரேகையைப் போன் ஏற்கவில்லை. எத்தனை தடவை வைத்தாலும் 'மீண்டும் முயலவும்'. வருடக்கணக்காய்ச் சாணி அள்ளி, பாத்திரம் தேய்த்து, கரும்புச் சோகை உரித்த விரல்.

"என் ரேகைய மாடே துன்னுட்ச்சி போல" என்று சிரித்தாள் அம்மா. "ரேவதி, நீ வைடி உன் வெரல."

ரேவதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டை விரலை வைத்தாள். ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது. நானும் விடவில்லை, என் விரலையும் பதித்துவிட்டேன். ஆனால் என் விரல் இருக்கும் இடம் ஸ்டுட்கார்ட். அவள் விரல் இருக்கும் இடம் அம்மாவின் பக்கத்தில்.

ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் ஒரு ரகசியச் சொல்லும் ஏற்பாடு செய்தேன். இப்போதெல்லாம் குரலையே போலியாகச் செய்துவிடுகிறார்கள். பிள்ளையின் குரலில் அழுது தாயை ஏமாற்றுகிறார்கள். அதனால், "தெரியாத நம்பர்லருந்து நான் பேசினா, வார்த்தை என்னன்னு கேளு. சொன்னாத்தான் நான். இல்லன்னா உடனே வச்சிடு. அழுகை, அவசரம், தெரியாத நம்பர், மூணும் சேந்து வந்தா அது ஏமாத்து வேலைன்னு வச்சிக்கோ" என்று பாடம் நடத்தினேன். சொல் 'சீதாப்பழம்'. அம்மாவுக்குப் பிடித்த பழம், மறக்க மாட்டாள்.

மறக்கத்தான் இல்லை. 'ஜெர்மனியிலிருந்து வந்த என் பெண் எனக்கு மட்டும் ஒரு ரகசிய வார்த்தை கொடுத்திருக்கிறாள்' என்று பூக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். பால் சொசைட்டியில் சொல்லியிருக்கிறாள். என்ன வார்த்தை என்று கேட்டவர்களுக்கு வார்த்தையையும் சொல்லியிருக்கிறாள். ரகசியம் இருப்பது நாலு பேருக்குத் தெரிந்தால்தானே பெருமை! ஆறே மாதத்தில் தெருப் பிள்ளைகள் அவளைச் 'சீதாப்பழம் ஆயா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

3

போன வருடக் கடைசியில் ஒருநாள், கூட்டத்தில் இருந்தபோது என் போனில் ஒரு செய்தி வந்தது. அம்மாவின் கணக்கிலிருந்து என் எண் நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. நீக்கப்பட்டது! எந்தக் களவாணி நுழைந்தான் என்று பதறிப் போய் வெளியே வந்து ரேவதிக்குப் போன் போட்டேன்.

"நான்தான் அண்ணி என் வெரல வச்சி, உன் நம்பர எடுத்துட்டு என் நம்பரப் போட்டேன், கோச்சுக்காத" என்றாள். "போன் தானா மூடிக்கினு நம்பர் கேட்டுச்சி. நம்பர் உன் போனுக்கு வருது. உனக்கு அடிச்சா நீ எடுக்கல. மத்தியானம்லாம் அத்தை போன கையில வச்சிக்கினு வாசல்லயே உக்காந்துனு இருந்துச்சி. பாவமா இருந்துச்சி அண்ணி."

அவள் செய்தது சரி. ஆபத்துக்கு உதவும் எண், கூப்பிட்டவுடன் எடுக்கக்கூடிய ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்று நானே வகுப்பில் சொல்கிறேன். அவள் சொன்னது சரி என்பதால்தான் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. "சரி, பரவால்ல" என்று வெட்டிப் பேசிவிட்டு வைத்தேன். அன்று முழுக்க மருத்துவமனையில் யாரிடமும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

இங்கே என் நிலைமையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அலுவலகத்தில் நான் நான்தான் என்று நிரூபிக்க ஒரு கத்தைக் காகிதம் கேட்கிறார்கள். பிறப்புச் சான்று தெலுங்கில், பள்ளிச் சான்று தமிழில், பாஸ்போர்ட் ஆங்கிலத்தில், மூன்றுக்கும் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவருக்கு முத்திரை, முத்திரைக்கு ஒரு சான்று. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் பெயர் என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு குடும்பப் பெயராகிவிட்டது. அலுவலகத்தில் என்னை 'ஃப்ராவ் கோவிந்தன்', அதாவது திருமதி கோவிந்தன் என்றுதான் கூப்பிடுவார்கள். நைனா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது, இங்கே மட்டும் வாரம் நாலு தடவை அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டிலோ, ராத்திரிதான் முகம் காட்டும் கணவர், பதிமூன்று வயது மகள் தாரணி. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். போனைக் கவிழ்த்துத்தான் வைப்பாள். அதன் எண் எனக்குத் தெரியாது. ஊருக்கே பூட்டு மாட்டுகிறவள் நான், என் மகளின் பூட்டுக்கு வெளியே நிற்கிறேன். ஆனால் ரேவதியோடு மட்டும் அவள் பேசுவாள். அரைகுறைத் தமிழில், மாட்டைக் காட்டு, கன்றுக்குட்டியைக் காட்டு என்று வீடியோவில் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் அறைக்குள் நுழைந்தால் சத்தம் அடங்கிவிடும்.

4

மே மாதம், ஒரு புதன்கிழமை காலை. காபி நேரத்தில் போனைத் திறந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர்கள் வைத்திருக்கும் குழுவில் ஒரு வீடியோ. மேலே சிவப்பு எழுத்தில் 'ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் பயங்கரத் தீ'. பெரிய கொட்டகை, கரும்புகை, ஆட்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். என் தம்பி முரளிக்கு ஸ்ரீ சிட்டியில்தான் வேலை. விடியும் முன் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவன்.

அதிர்ச்சியான செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும்? யார் சொன்னது, எப்போது எடுத்தது, எந்த ஊர், வேறு யாராவது உறுதி செய்தார்களா. இதையெல்லாம் படம் போட்டு விளக்கும் வகுப்பு எனக்கு மனப்பாடம். அன்று ஒன்றைக்கூடச் செய்யவில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஓடுகிறவர்களில் ஒருவன் நடை முரளி மாதிரியே இருந்தது. எங்கள் குடும்பக் குழுவுக்கு அதை அப்படியே அனுப்பினேன். முரளிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. தொழிற்சாலை வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், அப்போது ஞாபகம் வரவில்லை. அம்மாவுக்கு அடிக்கப் போகும்போது என் போன் அணைந்துவிட்டது.

மேசை மேலிருந்த மருத்துவமனைத் தொலைபேசியை எடுத்து அம்மாவின் எண்ணை அழுத்தினேன். அந்தக் கருவி கைக்கு வந்தால் வாய் தானாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. பிரிவின் பெயர், என் பெயர், 'குட்டன் டாக்' என்று ஒரு வணக்கம், என்ன உதவி வேண்டும். அம்மா எடுத்ததும் அவள் காதில் விழுந்தது அந்த ஜெர்மன் வாக்கியம்தான்.

"எவரண்டி?" என்றாள் அம்மா, யாருங்க என்று தெலுங்கில்.

எங்கள் வீட்டில் தெலுங்கு என்பது வெளியாளுக்கு. கடைக்கு, கரண்டு ஆபீசுக்கு, பஸ் கண்டக்டருக்கு. நான் பிறந்ததிலிருந்து அம்மா என்னிடம் தெலுங்கில் பேசியதே இல்லை.

"அம்மா, நான்தாம்மா விஜி! முரளிக்கு என்னம்மா ஆச்சு? ஃபேக்டரில தீயாமே!" கத்தினேன். அழுகை வந்துவிட்டது.

போனை மூடிக்கொண்டு யாரிடமோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு நிதானமாக, "மீரு எக்கட நுஞ்சி மாட்லாடுதுன்னாரு?" என்றாள். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்கிறாள், மரியாதையாக, என்னைப் பெற்றவள்!

"ஐயோ அம்மா, நாந்தாம்மா! சீதாப்பழம்! சீதாப்பழம்மா!"

இப்போது தமிழுக்கு வந்தாள். குரலில் ஒரு கறார். "அது பழசு. எங்க தெருவுல நாயக் கேட்டாக்கூடச் சொல்லும். நீ எம் பொண்ணுன்னா இதுக்குப் பதில் சொல்லு. நேத்து நம்ம வீட்ல இன்னா கொழம்பு?"

குழம்பா? தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியவில்லை, இவள் குழம்பு கேட்கிறாள். நேற்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அம்மா என்ன வைப்பாள்? எனக்குத் தெரிந்த செவ்வாய்க்கிழமை எல்லாம் பதினொரு வருடத்துக்கு முந்தையது. "முருங்கக்கா சாம்பார்?" என்றேன்.

"போன் பெட்டேயண்டி" என்றாள் அம்மா. போனை வையுங்கள். நான் வைப்பதற்குள் அவளே வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன், போகவில்லை. மூன்றாவது தடவையும் போகவில்லை. எண்ணை அடைத்துவிட்டாள் என்று புரிந்தது.

எதிர் மேசைப் பெண் ஓடிவந்து தன் சார்ஜரைக் கொடுத்தாள். போன் உயிர் பெற்று எழ ஆன நேரத்துக்குள் முரளிக்குக் கருமாதியே செய்து முடித்துவிட்டேன் மனதில்.

5

போன் எழுந்ததும் அதில் ரேவதியின் குரல் செய்தி காத்திருந்தது.

"அண்ணி, அந்த வீடியோ பொய்யி. ஒண்ணும் பயப்படாத. இங்க வெயிலு மண்டைய பொளக்குது. அதுல ஓட்றவங்க அல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கினு ஓட்றாங்க பாரு. ஸ்ரீ சிட்டில ஸ்வெட்டர் போட்டவன நீ பாத்துகிறியா? எதுக்கும் கம்பெனி வாட்ச்மேன் அண்ணனுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். தீயும் இல்ல, பொகையும் இல்ல, அல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்க்கினு இருக்கறாங்களாம்."

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆமாம், எல்லோரும் ஸ்வெட்டர். தடித் தடியான, கழுத்து மூடிய ஸ்வெட்டர். நான் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். மே மாதத்தில் நானும் ஸ்வெட்டர்தான் போட்டிருந்தேன். அதனால்தான் அது என் கண்ணில் உறுத்தவே இல்லை.

செய்தி இன்னும் முடியவில்லை. "இன்னொண்ணு அண்ணி. இப்பத்தான் ஜெர்மனி நம்பர்லருந்து ஒரு பொம்பள அத்தைக்குப் போன் பண்ணா. மொதல்ல இன்னாமோ பாஷை. அப்பறம் உன் கொரலு. அழுககூட உன்ன மாதிரியே. ஆனா அத்தை கேள்வி கேட்டுச்சி பாரு, வசமா மாட்டிக்கினா. அந்த நம்பர மோசடின்னு போட்டு மூடிட்டோம். உன் கொரல எவனோ திருடிட்டான் அண்ணி, உஷாரா இரு."

எனக்கு முரளி பிழைத்த சந்தோஷம் ஒரு நிமிடம். அடுத்த நிமிடமே அவமானம். போன் செய்து, அது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். மறுமுனையில் ரேவதி கொஞ்சம் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, வெடித்துச் சிரித்தாள். பின்னால் அம்மாவும், "அடப் பாவமே, எம் பொண்ணா அது?" என்று சிரிப்பது கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இடம் இல்லாத மாதிரி இருந்தது.

"சரி, நேத்து அப்படி இன்னாதான் கொழம்பு?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"கொழம்பே இல்ல அண்ணி. அத்தைக்கு ரெண்டு நாளா காய்ச்சலு. கஞ்சிதான் வச்சேன்."

"காய்ச்சலா? எனக்கு ஏன் சொல்லல?"

"ஞாயித்துக்கெழம பேசும்போது சொல்லிக்கலாம்னு அத்தைதான் சொல்லிச்சி."

ஞாயிற்றுக்கிழமை. வாரம் ஒரு தடவை, என் வசதிக்கு நான் ஒதுக்கிய நேரம். அம்மாவின் காய்ச்சல் அதுவரை காத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டில் தாரணியிடம் நடந்ததையும் பாட்டிக்குக் காய்ச்சல் என்பதையும் சொன்னேன். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும். ரேவதி அத்தை கஞ்சி போட்டோ போட்டிருந்தாங்க" என்றாள். அப்புறம் ஜெர்மனில், "அழுகை, அவசரம், தெரியாத நம்பர். உன் பாடத்திலேயே இருக்கே, மாமா" என்றாள். இங்கே அம்மாவை மாமா என்பார்கள். அது இன்னும் எனக்குப் பழகவில்லை.

6

அந்தக் குழம்புக் கேள்வி ரேவதியின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன், அற்புதமான ஏற்பாடு அது. என் சீதாப்பழம் ஒருமுறை வெளியே போனால் போனதுதான். குழம்போ தினமும் மாறும். நேற்றைய பதில் நாளைக்குச் செல்லாது. திருடி வைத்தாலும் ஊசிப்போய்விடும். நாங்கள் லட்சக்கணக்கில் செலவழித்து மருத்துவமனைக்கு வைத்திருப்பதும் இதே யோசனைதான். அந்த வீட்டில் தினமும் சோறு துன்னுகிறவர்களுக்கு மட்டும் திறக்கும் பூட்டு. என்னை வெளியே தள்ள வேண்டும் என்றே யோசித்துச் செய்த மாதிரி இருந்தது எனக்கு. மருமகளாய் வந்தவள் உள்ளே, பெண்ணாய்ப் பிறந்தவள் வெளியே!

அம்மாவிடம் மாற்றச் சொன்னேன். "வேற ஏதாவது வச்சிக்கலாம்மா, எனக்கும் தெரியறாப்ல."

"மாத்த மாட்டேன்" என்றாள் அம்மா. ஒரே பேச்சு. அதுவும் ரேவதி சொல்லிக்கொடுத்ததாகத்தான் நினைத்தேன்.

சரி, பார்த்துவிடுவோம் என்று வீம்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் வழியில், டிராம் வருவதற்குள் அம்மாவுக்குப் போன். "இன்னைக்கு இன்னா கொழம்பு?" அம்மா சொல்வதைப் போனில் குறித்துக்கொள்வேன். வியாழன், பருப்பு ரசம். வெள்ளி, கத்திரிக்காய்க் காரக்குழம்பு. சனி, புளிச்சக்கீரை. ஞாயிறு, கோழி. முன்பு கடவுச்சொற்களை எழுதி வைத்தது போலக் குழம்புகளை எழுதினேன். ரேவதிக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்று ஒரு திருப்தி.

அம்மாவும் கேட்பாள். "நீ இன்னாடி துன்ன?"

"ஏதோ துன்னேன்மா. டிராம் வந்துடுச்சி, வச்சிடறேன்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அப்புறம் என்ன? மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு நாளும் தவறவில்லை. தவறினால் ரேவதி ஜெயித்துவிடுவாளே!

7

ஜூனில் குடியுரிமை அலுவலகத்தில் எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பல மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். கத்தைக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு திரை, அதில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. என் எண் வந்ததும் எழுந்து போக வேண்டும். போகவில்லை என்றால் அடுத்த ஆள், நாம் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். இந்த ஊரில் யாரும் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள்.

போன் அதிர்ந்தது. இந்திய எண், ஆனால் எனக்குத் தெரியாத எண். எடுத்தேன்.

"விஜி, நான்தாண்டி அம்மா. என் போனு மாட்டுத் தொட்டில வுழுந்துட்ச்சி. ரேவதி புத்தலப்பட்டுக்கு அவங்க அம்மாவப் பாக்கப் போய்க்கிறா. பக்கத்து வீட்டு போன்லருந்து பேசறேன்."

அம்மாவின் குரல்தான். ஆனால் நான் இந்தத் தொழிலில் இருக்கிறவள். ஒரு நொடி தயங்கினேன். அந்தத் தயக்கம் அம்மாவுக்கு அங்கே கேட்டுவிட்டது.

"இன்னா, நம்பலியா? கேளு. கேள்வி கேளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரப் பட்டியல் கையில் இருக்கிறதே. "நேத்து இன்னா கொழம்பு?"

"எங்க வீட்லயா? அத நான் சொன்னா சரியா பூடுமா? அது நாந்தான உனக்குச் சொன்னேன்" என்றாள் அம்மா. "நீ எம் மேல சந்தேகப்பட்டா உங்க வீட்டுக் கொழம்பதான் கேக்கணும்."

"சரி, எங்க வீட்ல நேத்து இன்னா?"

பின்னால் ஒரு மாடு கத்துவது கேட்டது. போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை.

"தெரியலியே" என்றாள் அம்மா. "நீ எங்கடி சொல்ற? தெனம் போன் பண்ற, என் கொழம்ப கேட்டுக்கினு வச்சிட்ற. உங்க வீட்ல அடுப்பு எரியுதா இல்லியான்னே எனக்குத் தெரியாது."

மடியிலிருந்த காகிதக் கத்தையை ஒழுங்காக அடுக்கிக்கொண்டேன்.

"ரேவதி கீறா பாரு, அவங்க அம்மாவுக்கு தெனம் சாய்ங்காலம் போன் போடுவா. இன்னா வச்சேன், உப்பு ஜாஸ்தியா பூட்ச்சி, உன் மருமவன் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினான், அல்லாத்தயும் சொல்லுவா. அந்தம்மா அங்கருந்து இன்னா வச்சேன்னு சொல்லும். நான் பக்கத்துல உக்காந்து கீர ஆஞ்சிக்கினே கேட்டுனு இருப்பேன். எனக்கு வவுறு பத்திக்கினு எரியும்டி. அந்தம்மாவுக்கும் ஒரே பொண்ணு, எனக்கும் ஒரே பொண்ணு."

"அம்மா..."

"அந்தக் கேள்விய ரேவதி வச்சான்னு நெனச்சிக்கினியா? அவ வேற இன்னாமோ சொன்னா, பூ பேரு வச்சிக்கலாம்னு. நாந்தான் கொழம்புன்னு சொன்னேன். அப்படியாவது தெனம் கேப்ப, கேட்டுட்டு உன்னுதையும் சொல்லுவன்னு பாத்தேன்."

இந்தப் பொறாமைக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நைனாவுக்குக் கிடையாது, அவர் யாரைப் பார்த்தும் ஏங்கியவர் இல்லை. அறுநூறு தடவையாவது போன் பேசியிருப்போம், அம்மா ஒருநாளும் அதைக் காட்டிக்கொண்டதில்லை.

திரையில் என் எண் வந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண், "ஃப்ராவ் கோவிந்தன்!" என்று கூப்பிட்டாள். எழுந்து கையை உயர்த்திக் காட்டினேன், ஒரு நிமிடம் என்று. அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் காட்டினாள்.

"நேத்து பிரெட்டும்மா" என்றேன். "பிரெட்டு, வெண்ணெய், ஒரு தக்காளி. தாரணி அவ அறையிலயே துன்னா. அவரு ஆபீஸ்லயே முடிச்சிட்டு வந்துட்டாரு. நான் நின்னுக்கினே துன்னேன், பாத்திரம் கழுவற தொட்டிகிட்ட."

"நின்னுக்கினேவா?"

"ஆமாம்மா."

திரையில் எண் மாறியது. அடுத்தவர் என்னைத் தாண்டி உள்ளே போனார், கதவு மூடிக்கொண்டது. நான் மறுபடி உட்கார்ந்தேன். காகிதக் கத்தையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன்.

அம்மா அங்கே நன்றாக உட்கார்ந்துகொள்ளும் சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.

"முந்தாநேத்து?" என்றாள்.